தள்ளிப்போடுவதில் தெரியும் குணம்

தட்டச்சுப் பயிலகத்தில் குணத்தை மறைத்து வைத்துக்கொள்வது கடினம். பள்ளி வகுப்பறையில் நாற்பது பேருக்கு நடுவே ஒரு பிள்ளை யார் கண்ணிலும் படாமல் ஓர் ஆண்டையே கடத்திவிடலாம். இங்கே ஆளுக்கு ஓர் இயந்திரம், ஒரு தாள், ஒரு மணி நேரம். அடித்தது அடித்தபடி தாளில் நிற்கும், அழிக்க வழியில்லை. திருமங்கலத்தில் என் மாமனார் தொடங்கிய பயிலகத்தை அவருக்குப் பிறகு நான் நடத்திவருகிறேன். கீழே பழைய ரெமிங்டன், ஃபேசிட் இயந்திரங்கள். மாடியில், மாலை வேளைகளில் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் கூடும் ஓர் அறை. கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி, பேரையூர், செக்கானூரணி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறார்கள். 2021-இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தாங்களும் படிக்க வரும் தாய்மார்கள் கூடியிருக்கிறார்கள். ஒரே ஆளைக் கீழே கைப்பழக்கம் கற்பவராகவும் மேலே பாடம் படிப்பவராகவும் பார்க்க வாய்த்ததால், குணத்துக்கும் கற்றலுக்கும் உள்ள உறவைப் பற்றி எனக்குச் சில முடிவுகள் உண்டாகியிருக்கின்றன. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், தாளை உருவுகிறவர்களைச் சொல்ல வேண்டும். பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, பள்ளியில் எப்போதும் முதலிடம் வாங்கியவர். ‘ஏ எஸ் டி எஃப்’ என்று இடது கையும், ‘செமிகோலன் எல் கே ஜே’ என்று வலது கையும் பழகும் முதல் பாடத்தில், ஓர் எழுத்து தவறி விழுந்தால் போதும், கை நின்றுவிடும். உருளையைத் திருகித் தாளை வெளியே எடுப்பார், நான்காக மடித்துப் பைக்குள் ஒளித்துக்கொள்வார், புதுத் தாளைச் செருகி முதல் வரியிலிருந்து தொடங்குவார். மணி முடியும்போது அவரிடம் ஐந்தாறு அரைகுறைத் தாள்கள் இருக்கும். முழுதாக அடித்த தாள் ஒன்றுகூட இருக்காது. பாடத்தின் தொடக்கம் அவருடைய விரலுக்கு மனப்பாடமாகிவிட்டது. பக்கத்தின் கீழ்ப்பாதியை விரல்கள் பார்த்ததே இல்லை. தட்டச்சின் முதல் நிலையான லோயர் தேர்வில் நிமிடத்துக்கு 30 சொல் என்ற கணக்கில் பத்து நிமிடத்துக்கான பகுதியைக் கொடுப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நின்று வருத்தப்பட இடமில்லை. ஆகவே அவருக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு ஒரே தாள் என்று வைத்தேன். “தப்பு இருந்தா இருக்கட்டும்த்தா, தாள் முடியட்டும்” என்பதுதான் அவருக்கு நான் சொன்ன பாடம். முடிந்த பிறகு சிவப்புப் பேனாவால் பிழைகளை அவரே வட்டமிட்டு, எண்ணிக்கையை மட்டும் நோட்டில் குறிக்க வேண்டும். முதல் வாரம் அந்த வட்டங்களைப் பார்த்து முகம் சுருங்கியது. பிறகு, நேற்றைக் காட்டிலும் இன்று எத்தனை குறைவு என்று பார்ப்பதில் அவருடைய முழுமை வேட்கை போய் உட்கார்ந்துகொண்டது.

அவருக்கு இரண்டு இயந்திரம் தள்ளி உட்கார்ந்திருந்த பையன் நேர்மாறு. கைப்பேசியில் இரு கட்டைவிரலால் மின்னலாய் அடித்துப் பழகியவன். வந்த சில நாளிலேயே எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து, இரண்டே விரலில், மற்றவர்களைத் தாண்டிப் போய்விட்டான். இந்த வேகம் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கண் தாளில் உள்ள மூலத்தைப் படிக்க வேண்டும். எழுத்துப் பலகையையும் அதே கண்தான் பார்க்க வேண்டுமென்றால் தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அவனை நிதானமாக அடி என்று சொல்லிப் பயனில்லை, நிதானம் என்ற சொல்லே அவனுக்குத் தண்டனையாகக் கேட்டது. கையின் மேல் ஒரு துணியை விரித்துக் கட்டிவிட்டு, ஒரே வரியைத் தொடர்ந்து மூன்று முறை பிழையில்லாமல் அடித்தால்தான் அடுத்த பாடம் என்று ஒரு வாசற்படி வைத்தேன். அடுத்த பாடத்துக்குப் போகும் அவசரமே அவனைப் பொறுமையாக அடிக்க வைத்தது. அவசரக்காரர்களைத் திருத்த அவர்களுடைய அவசரத்தைத் தவிர வேறு கருவி எனக்குக் கிடைத்ததில்லை.

இருவரும் கற்றது ஒரே பாடம், ஒரே பயிற்சி, ஒரே பத்து விரல். அவளுக்குக் காதாலும் அவனுக்குக் கண்ணாலும் தட்டச்சு வரப்போவதில்லை. இருவரும் எந்தப் பகுதியைத் தவிர்த்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. அவள் பிழையோடு முன்னே போவதைத் தவிர்த்தாள். அவன் மெதுவாகத் தொடங்குவதைத் தவிர்த்தான். ஒருவருடைய குணம், கற்றலில் அவர் எதைத் தள்ளிப்போடுகிறார் என்பதைத் தீர்மானிக்கிறது. எந்த வழியில் கற்றால் மூளையில் ஏறும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பதில்லை. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

இதற்கு எதிரான நம்பிக்கை ஒன்று பெற்றோரிடம் வேரூன்றியிருக்கிறது. சேர்க்க வரும்போதே, “டீச்சர், இவன் காதால கேட்டாத்தான் பிடிச்சுக்கிருவான், எழுதிப் படிக்கிற ரகம் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போகும் தாய்மார்கள் பலர். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் வழக்கம் பள்ளிகளிலிருந்தும் பயிற்சி முகாம்களிலிருந்தும் வீடு வந்து சேர்ந்திருக்கிறது. ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008-இல் இதைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் திரட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவருக்குப் பிடித்த வழிக்கு ஏற்பக் கற்பித்தால் அவர் கூடுதலாகக் கற்கிறார் என்று நிறுவத் தகுந்த சான்று இல்லை என்பதுதான் அவர்கள் எழுதிய முடிவு. பிடித்த வழி ஒன்று இருப்பதை அவர்கள் மறுக்கவில்லை. அந்த விருப்பத்துக்கும் விளைவுக்கும் முடிச்சுப் போட முடியவில்லை என்றார்கள். மதுரை வரைபடத்தில் வைகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை, கேட்டுக் கற்பவரும் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ழ’கர உச்சரிப்பை, பார்த்துக் கற்பவரும் காதால் கேட்டுத்தான் பழக வேண்டும். எந்த வழி என்பதைப் பாடம் கேட்கிறது, ஆள் கேட்பதில்லை.

அண்மைக் காலத்தில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கைப்பேசியில் ஏதோ கேள்விகளுக்கு விடை சொல்லி, நான்கு எழுத்தில் தங்கள் ஆளுமை வகையைத் தெரிந்துகொண்டு வருகிறார்கள். கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட கருத்துகளை அடியொற்றி, அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் உருவாக்கிய 16 வகைப் பாகுபாடு அது. சில வாரம் கழித்து அதே கேள்விகளுக்கு மறுபடி விடை சொன்னால் பலர் வேறு வகைக்குள் போய் விழுகிறார்கள் என்பது அதன் மேல் உளவியலாளர்கள் வைக்கும் பெரிய குறை. “நான் உள்முக ரகம் மேடம், குரூப்பாப் படிச்சா வராது” என்று ஒரு பெண் என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, கவலைதான் வந்தது. தள்ளிப்போட நினைத்த ஒன்றுக்கு அவளுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. பெயர் கிடைத்துவிட்டால் அதை விடுவது கடினம்.

ஆய்வாளர்கள் இப்போது பெரும்பாலும் கையாள்வது ஐந்து பண்புகளை: புதியதை நாடும் ஆர்வம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணங்கிப்போகும் தன்மை, மனப்பதற்றம். இவை வகைகள் அல்ல, அளவுகள். ஒவ்வொருவரிடமும் ஐந்துமே கூடியும் குறைந்தும் இருக்கும். ஆர்தர் பொரோபாட் என்பவர் 2009-இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பற்றிய தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இவற்றில் பொறுப்புணர்வுதான் மதிப்பெண்ணோடு மிகத் தெளிவாகச் சேர்ந்து நின்றது. அறிவுக்கூர்மையைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்த உறவு பெரிதாகக் குறையவில்லை. பயிலகம் நடத்தும் எவருக்கும் இதில் வியப்பு இருக்காது. நேரத்துக்கு வருகிறவர் தேறுகிறார்.

ஆனால் பொறுப்பானவர்களிடமும் ஒரு பொறி உண்டு, அதை நான் மாடியில்தான் பார்த்தேன். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அவற்றில் 100 கேள்விகள் தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் மனத்திறனும். அடிப்படை நூல்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான சமச்சீர்ப் பாடப் புத்தகங்கள்தாம். டி.கல்லுப்பட்டியிலிருந்து வரும், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒருவர், அந்தப் புத்தகங்களை வரி விடாமல் படித்து, நான்கு நிறப் பேனாவில் அடிக்கோடிட்டு, அழகான கையெழுத்தில் நோட்டுகளாக எழுதிவைத்திருந்தார். அந்த நோட்டுகளைப் படியெடுக்க மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். மாதிரித் தேர்வு என்றால் மட்டும் அவருக்கு அன்று வீட்டில் விருந்தாளி வந்துவிடுவார். “இன்னொரு ரவுண்டு படிச்சுட்டு எழுதுறேன் டீச்சர்” என்பார். அந்த இன்னொரு ரவுண்டு முடிவதே இல்லை.

அவருக்கு நான் எடுத்துக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதை நான்கு சுற்று படித்தார்கள்; இன்னொரு பிரிவினர் ஒரே சுற்று படித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு சுற்று படித்தவர்கள் 83 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள், மூடி எழுதியவர்கள் 71 விழுக்காடு. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கணக்கு தலைகீழானது: படித்தவர்கள் 40, மூடி எழுதியவர்கள் 61. இதில் என்னைக் கவர்ந்தது இந்த எண்களைவிட வேறொன்று. நான்கு சுற்று படித்தவர்கள்தாம், ஒரு வாரம் கழித்தும் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதல் நம்பிக்கையோடு இருந்தார்கள். அடிக்கோடு தரும் நிறைவு அப்படிப்பட்டது. தெரிந்த வரியைத் திரும்பப் பார்க்கும்போது அது நமக்கு வந்துவிட்டதாகவே தோன்றும்.

அவருடைய பொறுப்புணர்வை நான் குறைக்கப் பார்க்கவில்லை, இடம் மாற்றினேன். அவருடைய கால அட்டவணையில் ‘படித்தல்’ என்று இருந்த இடங்களில் பாதியை அடித்துவிட்டு, ‘மூடி எழுதுதல்’ என்று எழுதினோம். அட்டவணையில் இருக்கும் ஒன்றைச் செய்யாமல் விட அவருக்கு மனம் வராது என்பது எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு வரலாற்றில் ஒரு பாடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடி, பழைய தட்டச்சுத் தாளின் பின்பக்கத்தில் நினைவில் நின்றதை எல்லாம் எழுதுவார். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதை மட்டும் அந்த நான்கு நிறத்தில் ஒன்றால் சேர்ப்பார். அதே பாடத்தை மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் மறுபடி மூடி எழுதுவார். முதல் நாள் தாளில் சிவப்புதான் அதிகம். “இவ்வளவு நாளாப் படிச்சது எங்க போச்சு?” என்று கேட்டுவிட்டு அன்று சீக்கிரமே கிளம்பிப் போனார். மறுநாள் வந்தார். அட்டவணையில் இருந்ததே.

கலகலப்பானவர்கள் பற்றியும் அமைதியானவர்கள் பற்றியும் சேர்த்தே சொல்வதுதான் சரி, ஏனென்றால் ஒரே அறையில் ஒருவருடைய வசதி இன்னொருவருக்குத் தடையாகிறது. எங்கள் மாடியில் கேள்வி கேட்டு முடிக்கும் முன்பே விடை சொல்லிவிடும் இருவர் எப்போதும் இருப்பார்கள். அந்த இருவருக்காகவே வகுப்பு நடப்பது போல ஆகிவிடும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு நொடிதான் என்று தெரிந்தது. அதை மூன்று நொடியாகவோ அதற்கு மேலோ நீட்டியபோது விடைகள் நீண்டன. அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி என்பது எழுதும்போது சிறியதாகத் தெரிகிறது; இருபது பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும் ஆசிரியருக்கு அது நெடுநேரம். நான் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி அழிப்பது போலப் பாவனை செய்வேன். அதற்கும் அடங்காத வாய்களுக்காக, எல்லாரும் சிறு துண்டுத் தாளில் விடையை எழுதி மேசையில் கவிழ்த்து வைத்த பிறகுதான் பேச வேண்டும் என்ற வழக்கம் வந்தது. கள்ளிக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வரும், பேச்சே இல்லாத ஒரு பெண்ணின் துண்டுத் தாள் பெரும்பாலும் சரியாக இருந்தது மற்றவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அமைதியானவர்கள் தள்ளிப்போடுவது, தெரியாததைக் கேட்பதை. அந்தப் பெண்ணுக்கு நேரமும் வேலையும் கணக்கில் ஓர் இடம் புரியவில்லை. அதை ஒரு மாதம் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார். எல்லார் முன்னாலும் கேள் என்று சொன்னால் வருவதையே நிறுத்திவிடுவார். வகுப்பு முடிந்து ஷட்டரை இறக்கும் நேரத்தில் பேருந்துக்காக வாசலில் நிற்பார். அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவரோடு ஓர் ஏற்பாடு. வாசலில் கேட்ட கேள்விகளில் ஒன்றிரண்டை மறுநாள், யார் கேட்டது என்று சொல்லாமல் பலகையில் எழுதுவேன். பாதி வகுப்புக்கும் அதே இடம்தான் புரியாமல் இருந்திருக்கும்.

கலகலப்பானவர்கள் தள்ளிப்போடுவது தனியாக உட்காருவதை. செக்கானூரணியிலிருந்து வரும் ஒரு தம்பி, மற்றவர்களுக்கு அரசியலமைப்புப் பகுதியைக் கதை போலச் சொல்லிக் கொடுப்பான். கேட்பவர்களுக்கும் நன்றாகப் புரியும். இதைக் குறை சொல்ல முடியாது. எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறார்: ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கல்வியில் கால்பங்குதான் கைக்கு வரும், உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால்பங்கு, மற்ற அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வருகிறது. அந்தத் தம்பி இந்த அரைப்பங்கை வைத்துக்கொண்டு முதல் கால்பங்கைக் கடன் சொல்லிக்கொண்டிருந்தான். தான் தெளிவாகப் படித்த மூன்று பாடங்களையே திரும்பத் திரும்ப எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தான். படிக்காத பாடங்கள் படிக்காமலே கிடந்தன. “அடுத்த வெள்ளிக்கிழமை ஊராட்சி அமைப்பு நீதான் எடுக்கணும் தம்பி” என்று, அவன் தொடாத பாடத்தை அவன் பெயரில் பலகையில் எழுதிவிடுவேன். இருபது பேர் முன்னால் தடுமாறக் கூடாதே என்று வியாழன் இரவு தனியாக உட்கார்ந்துவிடுவான். பேச்சுக்காரரைத் தனியே உட்கார வைக்க, பேசக் கிடைக்கும் மேடையைப் போல வேறெதுவும் உதவியதில்லை.

இதே பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்று எட்டாக வகுத்து, தலை இடை கடை என்று தரமும் பிரித்திருக்கிறார்கள். அங்கங்கே ஒரு தழையைக் கடித்துவிட்டு அடுத்த செடிக்கு ஓடும் ஆட்டுக்கு அங்கே கடைசித் தரம். இந்த ஒன்றில் பெரியவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. எங்கள் மாடியில் அப்படி ஒருவர் இருக்கிறார், என் மனத்துக்குப் பிடித்த மாணவர் அவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாடத்தில் சங்ககாலம் வந்தால் கீழடிக்குப் போய்விடுவார். 2014-15-இல் தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கியதிலிருந்து, கீறல் எழுத்துள்ள பானை ஓடு வரை தேடிப் படித்துவிட்டு வருவார். 2023-இல் அங்கே அருங்காட்சியகம் திறந்தபோதும், அதே ஆண்டு மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தபோதும், எங்கள் அறையிலிருந்து முதலில் போய்ப் பார்த்தவர் அவர்தான். அவர் தள்ளிப்போடுவது ஒரு பாடத்தை முடிப்பதை. தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மனத்திறன் பகுதி அப்படியே இருந்தது. அவருக்கு ஒரு தனி நோட்டு கொடுத்தேன். பாடத்துக்கு நடுவில் எழும் எந்தக் கேள்வியையும் அதில் ஒரு வரியாக எழுதிவிட்டு உடனே பாடத்துக்குத் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் அந்த நோட்டைத் திறந்துகொள்ளலாம். ஞாயிறு வரும்போது அதில் பாதிக் கேள்விகள் அவருக்கே சுவையற்றுப் போயிருந்தன. மீதிப் பாதிக்காக அவர் நூலகத்தில் இருட்டும் வரை இருப்பார்.

பதற்றக்காரர்களைப் பற்றிக் குறைவாகவே சொல்ல முடியும், ஏனென்றால் அவர்களுக்கு நான் செய்ததில் பலித்ததும் உண்டு, பலிக்காததும் உண்டு. நன்றாகப் படித்தவர்கள்தாம் பெரும்பாலும் இந்த வரிசையில் இருக்கிறார்கள். தட்டச்சில் பதற்றம் உடனே தெரியும்: ஒரே சமயத்தில் இரண்டு விசை அழுந்தி, எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கி நிற்கும். 2011-இல் ஜெரார்டோ ராமிரெஸ், ஷியான் பைலாக் இருவரும், தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிய மாணவர்கள், குறிப்பாகப் பதற்றம் மிகுந்தவர்கள், மேலாகத் தேர்வெழுதியதாகக் கண்டார்கள். மாதிரித் தேர்வு நாளில் நானும் ஒரு வெற்றுத் தாள் கொடுத்துப் பார்த்தேன். சிலர் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இலேசாகத் தேர்வுக்கு உட்கார்ந்தார்கள். சிலருக்கு அந்தப் பத்து நிமிடத்தில் பயம் இன்னும் கூடியது. எல்லாருக்கும் உதவியது பழக்கம் ஒன்றுதான். உண்மையான தேர்வு போலவே மணியடித்து, உண்மையான நேரக் கட்டுப்பாட்டோடு, விடைத்தாளில் வட்டம் நிரப்பி, வாரந்தோறும் எழுதுவது. குரூப் 4-இல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. தெரியாவிட்டால் அதற்கென ஐந்தாவதாக ஒரு கட்டமும் உண்டு. இந்த இரண்டையும் பதற்றக்காரர்களுக்கு ஒருமுறை சொன்னால் போதாது, ஒவ்வொரு வாரமும் சொல்ல வேண்டியிருக்கிறது. இவர்கள் தள்ளிப்போடுவது அந்த மாதிரித் தேர்வையேதான் என்பதால், முதல் மூன்று வாரம் மதிப்பெண்ணை நான் பார்ப்பதில்லை, அவர்களே திருத்தி அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

இப்போது புதிதாகச் சேருகிறவரிடம் எப்படிப் படித்தால் உங்களுக்கு ஏறும் என்று நான் கேட்பதில்லை. இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த வேலை வரும்போது தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார், எந்தத் தாளைக் காட்டாமல் வைத்துக்கொள்கிறார், எந்த நாளில் விடுப்பு எடுக்கிறார் என்பதை வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். வீட்டில் பிள்ளைகளைக் கவனிக்கும் பெற்றோருக்கும் இதையே சொல்வேன். பிள்ளை விரும்பிச் செய்வதைப் பார்த்து அதன் ரகத்தை முடிவு செய்வதைவிட, எதைச் செய்யச் சொன்னால் வேறு வேலை ஞாபகம் வருகிறது என்று பாருங்கள். கைகொடுக்க வேண்டிய இடம் அதுதான். அந்த வேலையை நீக்கிவிடாதீர்கள், அதற்குப் போகும் வாசலை மட்டும் பிள்ளையின் சுபாவத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்.

பென்சிலால் எழுதுவதற்கும் காரணம் உண்டு. திருமங்கலத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவர், முப்பதைத் தாண்டியவர், காலையில் ஒரு மணி நேரம் கீழே தட்டச்சுக்கும், சவாரி குறைந்த மாலைகளில் மேலே கணக்குக்கும் வருகிறார். இயந்திரத்தின் முன்னால் அவரைப் போல நிதானமானவரை நான் பார்த்ததில்லை. பிழை விழுந்தால் விழட்டும் என்று சீராகத் தட்டிக்கொண்டே போவார். மாடியில் தனிவட்டிக் கணக்கைப் பலகையில் எழுதியதும் அதே மனிதர் பேனாவை மூடி வைத்துவிடுவார். அடுத்தவர் நோட்டை எட்டிப் பார்ப்பார். தவறாக ஒரு வரி எழுத மாட்டார். எட்டாம் வகுப்பில் பலகை முன்னால் நிற்க வைத்துக் கேலி செய்தார்கள் என்று ஒருநாள் சொன்னார். துணிச்சல்காரரா தயங்குகிறவரா என்று அவரை ஒரே பெயரில் எழுத முடியாது. ஆகவே பதிவேட்டில் அவருக்கு இரண்டு வரி. கீழே, லோயருக்கு அடுத்த ஹையருக்குப் போகலாம் என்று இருக்கிறது. மேலே, தினம் ஒரு கணக்கு, விடை தவறாக இருந்தாலும் முழுதாக எழுத வேண்டும், யாருக்கும் காட்ட வேண்டாம் என்று இருக்கிறது. வட்டி விகிதத்தை அவருடைய ஆட்டோக் கடனுக்குக் கட்டும் வட்டியை வைத்தே இப்போது போட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தக் கணக்கில் மட்டும் அவர் என்னைத் திருத்துகிறார்.